மணமும் கனியும் யாருக்காக?

வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியைத் தாயகமாகக் கொண்ட கிராம்பு கரண்ட் என்னும் புதர்ச்செடி ஏப்ரல், மே மாதங்களில் பொன்மஞ்சள் பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. அவற்றின் மணம் கிராம்பை நினைவூட்டுவது. ஒரே செடி பூத்தாலும் வீட்டுத் தோட்டம் முழுவதும் மணக்கும். கோடையில் அதே கிளைகளில் கறுத்த சிறு கனிகள் பழுக்கின்றன. அவற்றைப் பறித்தபடியே உண்ணலாம், ஜாமாகக் காய்ச்சலாம், உலர்த்தியும் வைக்கலாம். மணமும் உணவும் ஒரே செடியில் கிடைப்பதால் இதை வளர்ப்போர் பலர்.

இத்தகைய செடி ஒரு பழைய தத்துவக் கேள்வியைத் தோட்டத்துக்கே கொண்டுவருகிறது. பூவின் மணமும் கனியின் சுவையும் யாருக்காக உண்டானவை? நட்டு வளர்த்தவருக்காகவா, தேடி வரும் தேனீக்காகவா, கொத்தித் தின்னும் பறவைக்காகவா, செடிக்காகவேயா? அல்லது எதற்காகவும் இல்லாமல் அவை வெறுமனே இருக்கின்றனவா? இயற்கைப் பொருள்களுக்கு நோக்கம் உண்டா என்னும் இந்த ஆராய்ச்சி கிரேக்கத்திலும் இந்தியாவிலும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. கேள்விக்குத் தரும் விடையே செடியை நடத்தும் முறையையும் தீர்மானிப்பதால் இது ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

செடியும் வளர்ப்பும்

கிராம்பு கரண்ட், ரைபஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. கருங்கரண்ட், செங்கரண்ட், கூஸ்பெரி ஆகியவை இதன் உறவினங்கள். மளிகைக் கடைகளில் கரண்ட் என்ற பெயரில் கிடைக்கும் உலர்பழம் சிறு திராட்சை வகை. அதற்கும் இச்செடிக்கும் உறவில்லை. தாவரவியலாளர் சிலர் கிராம்பு கரண்ட்டைத் தனி இனமாகக் கொள்கின்றனர். வேறு சிலர் மேற்கு அமெரிக்காவில் வளரும் பொன் கரண்ட்டின் ஒரு வகையாகக் கருதுகின்றனர்.

செடி 6 முதல் 8 அடி உயரம் வளர்ந்து ஏறத்தாழ அதே அளவு அகலமாகப் பரவும். முள் இல்லை. வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பி மெல்ல மெல்லப் புதராகும். கடும் உறைபனியைத் தாங்கும். குளிர்காலத்தின் நெடிய குளிர் இல்லாத ஊர்களில் சரியாகப் பூக்காது. இலையுதிர் காலத்திலோ வசந்தத் தொடக்கத்திலோ, செடி உறங்குநிலையில் இருக்கும்போது, 6 அடி இடைவெளி விட்டு நடுவது வழக்கம். முழு வெயிலிலும் அரை நிழலிலும் வளரும். மட்கிய எருவும் வேரடியில் மூடாக்கும் போதும். குளிர்காலத்தில் வெட்டிய முற்றிய குச்சிகள் எளிதில் வேர்விடும். ஆண்டுதோறும் குளிர்கால இறுதியில் மிகப் பழைய தண்டுகளை அடியோடு கவாத்து செய்தால் புதுத் தண்டுகள் தழைக்கும். அருகருகே இரண்டு வெவ்வேறு செடிகள் இருந்தால் காய்ப்பு மிகும்.

மனிதனுக்காகவே என்னும் கருத்து

நோக்கம் பற்றிய விடைகளில் மிகப் பரவலானது, தாவரங்கள் மனிதனுக்காகவே உள்ளன என்பது. அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் முதல் பகுதியில், தாவரங்கள் விலங்குகளுக்காகவும் விலங்குகள் மனிதர்களுக்காகவும் உள்ளன என்று எழுதினார். அவருக்குப் பின் வந்த ஸ்டோயிக் சிந்தனையாளர்கள் இதை இன்னும் விரித்தனர். உலகம் அறிவுடையோருக்காகவே படைக்கப்பட்டது என்னும் அவர்களது வாதத்தை, தெய்வங்களின் இயல்பு பற்றி சிசரோ எழுதிய நூலின் இரண்டாம் பகுதியில் காணலாம்.

விவிலியத்தின் ஆதியாகமம் இதே கருத்துக்குச் சான்றாகப் பலமுறை காட்டப்பட்டது. முதல் அதிகாரத்தின் 29ஆம் வசனம் விதை தரும் செடிகளையும் கனி தரும் மரங்களையும் மனிதருக்கு உணவாக அளிக்கிறது. ஆனால் அதை அடுத்துள்ள 30ஆம் வசனம் பசும் பயிர்களை விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவாகக் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனிதருக்குக் கிடைப்பது ஒரு விருந்தில் ஓர் இருக்கை. விருந்து முழுவதும் அவருடையது ஆகாது.

இந்தக் கருத்துக்கு வலு இல்லாமல் இல்லை. கனி உண்மையில் பசியாற்றுகிறது. மணம் உண்மையில் மகிழ்விக்கிறது. பெருஞ்சமவெளியின் பழங்குடியினர் காட்டுக் கனிகளை உலர்த்தி, இடித்த இறைச்சியோடும் கொழுப்போடும் பிசைந்து, குளிர்காலம் முழுவதும் கெடாத பெம்மிக்கன் என்னும் உணவைச் செய்தனர். கரண்ட் கனிகளும் அதில் சேர்ந்தன. ஒரு பொருள் இத்தனை பொருத்தமாகப் பயன்படும்போது அது அந்தப் பயனுக்காகவே வந்தது என்று எண்ணுவது இயல்பே. எனினும் பயன்படுகிறது என்பதிலிருந்து பயனுக்காகவே உண்டானது என்ற முடிவு தானாகப் பிறப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. பிற்காலச் சிந்தனையாளர்கள் அந்த இடைவெளியையே ஆராய்ந்தனர்.

தனக்காகவே என்னும் கருத்து

இதற்கு மாறான விடையும் அரிஸ்டாட்டிலிடமே இருக்கிறது. தம் 'இயற்பியல்' நூலின் இரண்டாம் பகுதியில், இலை வளர்வது கனிக்கு நிழல் தருவதற்காக என்றும், வேர் கீழ்நோக்கிச் செல்வது செடி உணவு பெறுவதற்காக என்றும் அவர் விளக்குகிறார். இங்கே நோக்கம் செடிக்குள்ளேயே அடங்கியுள்ளது. உறுப்பு முழுமைக்காக வேலை செய்கிறது. முழுமை வெளியே உள்ள எவருக்கும் பணிவிடை செய்யவில்லை.

12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்த எண்ணத்தைச் சமய எல்லைக்குள்ளேயே துணிந்து கொண்டுசென்றார். குழம்பியோருக்கான தம் வழிகாட்டி நூலின் மூன்றாம் பகுதியில், எல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டன என்று நம்பக் கூடாது என்று அவர் வாதிடுகிறார். அவருடைய பார்வையில் இறைவன் ஒவ்வொரு படைப்பையும் அதனதன் பொருட்டே விரும்பினார். மனிதனை மையத்திலிருந்து விலக்கினால் இறைநம்பிக்கை குலையும் என்னும் அச்சத்துக்கு மைமோனிடிஸ் நல்ல மறுமொழி.

ஸ்பினோசா இன்னும் தொலைவு சென்றார். 1677இல் வெளிவந்த 'அறவியல்' நூலின் முதற்பகுதிப் பின்னிணைப்பில், இயற்கைக்கு எந்த நோக்கமும் இல்லை என்று அவர் வாதிட்டார். பயிர் உணவுக்காக, ஞாயிறு ஒளிக்காக என்று மனிதர் எண்ணுவது, தங்களுக்குப் பயன்படுவதைத் தங்களுக்காகச் செய்யப்பட்டதாகக் கொள்ளும் மனப்பழக்கமே என்பது அவர் முடிவு.

1790இல் காண்ட் இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே ஒரு வேறுபாட்டை வகுத்தார். ஒரு பொருள் மற்றொன்றுக்குப் பயன்படுவது வெளிநோக்கம். ஓர் உயிரின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று காரணமாகவும் விளைவாகவும் இருப்பது உள்நோக்கம். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணற்பரப்பில் ஊசியிலைக் காடுகள் செழித்தன. ஆனால் காட்டுக்காகத்தான் கடல் மணலை விட்டுச்சென்றது என்று சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். வெளிநோக்கம் எப்போதும் சார்புடையது. யாருடைய நிலையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுவது. பூக்களைப் பொறுத்தவரை, பயனையோ நோக்கத்தையோ கருதாமலே மனம் இன்புறும் கட்டற்ற அழகுக்கு எடுத்துக்காட்டாக அவர் அவற்றைக் கொண்டார். எதற்காக என்று அறியாமலே பூவை ரசிக்கலாம் என்பது இதன் பொருள்.

இந்திய மரபில் இக்கேள்வி

இந்தியத் தத்துவத்தில் இந்த விவாதம் சாங்கியத்துக்கும் வேதாந்தத்துக்கும் இடையே கூர்மையாக நடந்தது. ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை, பல உறுப்புகள் கூடி அமைந்த எதுவும் பிறருக்காகவே அமைந்தது என்கிறது. கட்டில் தனக்காக இல்லாமல் படுப்பவருக்காக இருப்பதை உரையாசிரியர்கள் சான்று காட்டினர். அறிவற்ற பால் கன்றின் வளர்ச்சிக்காகச் சுரப்பதுபோல, அறிவற்ற மூல இயற்கையான பிரகிருதி, உணர்வுடைய ஆன்மாவான புருடனின் விடுதலைக்காக இயங்குகிறது என்பது காரிகையின் மற்றொரு வாதம்.

சங்கரர் தம் பிரம்ம சூத்திர உரையில் இதை மறுத்தார். பால் தானாகச் சுரப்பதில்லை. பசுவின் அன்பும் கன்று உறிஞ்சுவதும் அதைச் சுரக்கச் செய்கின்றன. புல் பாலாவதும் பசுவின் வயிற்றில்தான். காளை தின்றால் ஆவதில்லை. ஆகவே ஒரு பொருள் எதற்காக என்பதை அந்தப் பொருளை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அது எந்த உறவில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சங்கரரின் இலக்கு அறிவுள்ள முதற்காரணத்தை நிறுவுவதே. ஆயினும் அவர் வாதத்தின் இந்தப் பகுதி தோட்டத்துக்கும் பொருந்துகிறது.

சமணம் வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. தாவரங்கள் தொடுபுலன் மட்டும் உடைய உயிர்கள் என்பது சமணக் கொள்கை. தொல்காப்பியத்தின் மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றே வகுக்கிறது. உயிர் உள்ள ஒன்று முற்றிலும் பிறர் பொருட்டு இருப்பது எப்படி என்ற கேள்வி இங்கே தானாக எழுகிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை செய்வதே அவற்றின் இயல்பு என்று உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது. ஒன்று மற்றொன்றின் உடைமை என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

பூவின் வேலை

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கேள்வி நூலகத்திலிருந்து வயல்வெளிக்கு வந்தது. ஜெர்மனியின் ஸ்பாண்டாவ் நகரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல், பூக்களின் நிறமும் புள்ளிகளும் தேனும் பூச்சிகளை வரவழைப்பதற்காகவே என்று 1793இல் வெளியிட்ட நூலில் காட்டினார். படைத்தவரின் ஞானத்தை அதில் கண்டவர் அவர். ஆனால் அவர் கண்டறிந்ததன்படி பூவின் அழகு மனிதக் கண்ணை நோக்கி அமைந்ததன்று.

1859இல் டார்வின் இதற்கு அடிப்படை விளக்கம் தந்தார். ஓர் இனத்தின் எந்த உறுப்பேனும் மற்றோர் இனத்தின் நன்மைக்காக மட்டுமே உருவானது என்று நிறுவப்பட்டால் தம் கொள்கையே வீழ்ந்துவிடும் என்று அவர் எழுதினார். மணம் தேனீயை அழைக்கிறது. தேனீ மகரந்தத்தைச் சுமக்கிறது. அதனால் விதை உண்டாகிறது. மணம் நிலைத்ததற்குக் காரணம் அது செடிக்கு விதை தந்ததே. தேனீக்குக் கிடைப்பது கூலி.

கிராம்பு கரண்ட்டில் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. அதன் பூ நீண்ட குழலானது. குழலின் அடியில் தேன் இருக்கும். நீண்ட நாக்குடைய பம்பிள் தேனீக்களும் ஹம்மிங்பறவைகளும் அதைத் தேடி வருகின்றன. முதுமையடையும்போது மஞ்சள் இதழ்கள் சிவக்கின்றன. இத்தகைய நிறமாற்றத்தின் பொருளை இயற்கை ஆய்வாளர் ஃபிரிட்ஸ் முல்லர் பிரேசிலில் உண்ணிச்செடியில் கவனித்து 1877இல் எழுதினார்: முதல் நாளின் மஞ்சள் பூக்களையே வண்ணத்துப்பூச்சிகள் நாடுகின்றன. நிறம் மாறிய பூக்கள் தொலைவிலிருந்து செடியை எடுப்பாகக் காட்டுகின்றன. அருகில் வந்தவை புதுப்பூக்களைத் தேர்ந்துகொள்கின்றன.

கனியின் கதையும் இதுவே. கறுத்த நிறமும் இனிப்பும் பறவைகளை ஈர்க்கின்றன. அமெரிக்க ராபின்களும் வாக்ஸ்விங் பறவைகளும் விழுங்கும் விதைகள் தொலைவில் விழுந்து, குளிர்காலக் குளிரைத் தாங்கிய பின் முளைக்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: இயற்கைத் தேர்வில் எவரும் திட்டமிடவில்லையே, பிறகு 'எதற்காக' என்று கேட்பதே தவறல்லவா? திட்டமிட்ட நோக்கம் வேறு, பணி வேறு என்று பிரித்தால் இந்த மறுப்பு தீரும். இதயம் குருதியைச் செலுத்துவதற்காக என்று சொல்வதற்கு ஒரு திட்டக்காரர் தேவையில்லை. அந்தப் பணியைச் செய்ததாலேயே அந்த உறுப்பு நிலைத்தது என்பது போதும். இப்பொருளில் பூவின் மணத்துக்கும் கனியின் சுவைக்கும் பணி உண்டு. அந்தப் பணியில் தொடக்கத்தில் மனிதருக்கு இடமில்லை. இறைநம்பிக்கை உள்ளவர் இயற்கைக் காரணங்களின் வழியாகவே இறைவன் செயல்படுகிறார் என்று கொள்ளலாம். அப்போதும் தேனீயின் பங்கையும் பறவையின் பங்கையும் அவர் மறுக்க வேண்டியதில்லை.

தோட்டக்காரரின் நோக்கம்

வீட்டுத் தோட்டச் செடி காட்டுச்செடி அல்லவே என்பது அடுத்த கேள்வி. கிராம்பு கரண்ட்டின் புகழ்பெற்ற ரகமான 'கிராண்டல்' 1888இல் விற்பனைக்கு வந்தது. கனி பெரிதாக இருப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, குச்சிகளால் பெருக்கப்பட்டு, இன்றுவரை காக்கப்பட்டது அது. அந்தப் பெரிய கனியில் மனிதரின் நோக்கம் உண்மையாகவே கலந்திருக்கிறது. ஆனால் தேர்ந்தவர் இனிப்பையோ மணத்தையோ உண்டாக்கவில்லை; தேனீயும் பறவையும் நெடுங்காலம் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பண்புகளின் மேல் தம் தேர்வைச் சேர்த்தார்.

உழைத்தவருக்கு உரிமை இல்லையா? 1689இல் ஜான் லாக் இதற்கு வலுவான விடை தந்தார். காட்டில் ஆப்பிள் பறித்தவரின் உழைப்பு அதில் கலப்பதால் அது அவருடையதாகிறது. ஆனால் அதே அதிகாரத்தில் அவர் இரண்டு வரம்புகளையும் வைத்தார்: கெடுமுன் பயன்படுத்தக்கூடிய அளவே எடுக்க வேண்டும், பிறருக்குப் போதுமான அளவும் தரமும் மீதி இருக்க வேண்டும். பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயம், பெற்றதற்கு ஈடாக எதுவும் தராமல் துய்ப்பவரைத் திருடருக்கு ஒப்பிடுகிறது. வேள்வியில் எஞ்சியதை உண்போரை உயர்த்துகிறது. லாக்கின் 'பிறர்' மனிதர்கள்; கீதையின் கடன் தேவர்களுக்கானது. ஆனாலும் உழைப்போ வழிபாடோ வரம்பற்ற உரிமையைத் தருவதில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கரண்ட் செடியின் மணத்தையும் சுவையையும் உண்டாக்கியதில் தேனீக்கும் பறவைக்கும் இருக்கும் பங்கைக் கண்டபின், அந்த வரம்பை அவற்றுக்கும் நீட்டுவதே முறை.

நோக்கங்கள் மோதும்போது

அமெரிக்காவில் ரைபஸ் செடிகளுக்கு நேர்ந்தது இந்தக் கேள்வியின் கடினமான பக்கத்தைக் காட்டுகிறது. வெள்ளை பைன் மரங்களைக் கொல்லும் ஒரு துருப் பூஞ்சை தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியைப் பைனிலும் மறுபகுதியைக் கரண்ட், கூஸ்பெரி செடிகளிலும் கழிக்கிறது. ஆசியாவில் தோன்றிய இப்பூஞ்சை, ஐரோப்பிய நாற்றங்கால்களில் வளர்த்த பைன் கன்றுகளோடு அமெரிக்காவுக்கு வந்தது. 1906இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் கரண்ட் செடிகளில் கண்டறியப்பட்டது. 1912இல் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் வந்தது. பைன் காடுகளின் அருகே காட்டிலும் தோட்டத்திலும் இருந்த ரைபஸ் செடிகளை வேரோடு பிடுங்கும் பணி பல பத்தாண்டுகள் நடந்தது. 1930களில் அரசின் வேலைத்திட்டமான சிவிலியன் கன்சர்வேஷன் கோர் இளைஞர்களும் இதில் ஈடுபட்டனர்.

ஒரு செடியைக் காக்க இன்னொரு செடியை அழிக்கலாமா? இந்த வழக்குக்கு மைமோனிடிஸிடம் ஒரு நேரடி அளவுகோல் உண்டு. முற்றுகையின்போதுகூடக் கனி மரங்களை வெட்டக் கூடாது என்ற, விவிலியத்தின் உபாகம நூலின் 20ஆம் அதிகாரக் கட்டளையை அவர் விரித்துரைத்தார். பிற மரங்களுக்குக் கேடு செய்யும் கனி மரத்தை வெட்டலாம். விலக்கப்பட்டது வீணான அழிவே. 1797இல் காண்ட் வேறொரு வழியில் இதையே சொன்னார்: இயற்கையில் அழகானதை வெறுமனே அழிக்கும் மனப்போக்கு, அறவுணர்வுக்குத் துணைநிற்கும் மென்மையை மனிதரிடம் கெடுக்கிறது.

எனவே அழிப்பதற்கு நியாயம் வேண்டுமானால் கேடு மெய்யானதாக இருக்க வேண்டும். அழிவு அந்தக் கேட்டைத் தடுக்க வேண்டும். அதைவிடச் சிறிய வழி இருக்கக் கூடாது. முதல் நிபந்தனை நிறைவேறியது. பைன் காடுகளின் இழப்பு பெரிது. இரண்டாவது நிபந்தனை பெருமளவு தவறியது. பைனிலிருந்து கிளம்பும் பூஞ்சை வித்துகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து கரண்ட் செடிகளை அடையும். ரைபஸ் செடிகள் அடர்ந்த மேற்கு மலைகளில் அவற்றை முழுமையாக அகற்ற இயலவில்லை. மூன்றாவது நிபந்தனைக்குப் பின்னாளில் விடை கிடைத்தது: நோயைத் தாங்கும் பைன்களையும் கரண்ட் ரகங்களையும் தேர்ந்து வளர்ப்பது. ரைபஸ் வளர்ப்புக்கு இருந்த கூட்டாட்சித் தடை 1966இல் விலக்கப்பட்டது. நியூயார்க் மாநிலம் 2003இல் சட்டத்தைத் தளர்த்தியது. சில மாநிலங்களில் இன்றும் கட்டுப்பாடுகள் உள்ளதால், நடுமுன் உள்ளூர் விதியை அறிந்துகொள்வது வளர்ப்பவரின் கடமை. தன் தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் நிற்கும் மரத்துக்கும் அவர் பொறுப்புடையவர்.

பங்கும் பொறுப்பும்

மனிதனுக்காகவே என்போர், தனக்காகவே என்போர், எதற்காகவும் இல்லை என்போர் ஆகிய மூவரின் வாதங்களையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகிறது. கரண்ட் செடியின் மணமும் கனியும் ஒருவருக்கு மட்டுமே உரியவை என்னும் முடிவுக்கு எந்தச் சிந்தனையும் இறுதிவரை துணைநிற்பதில்லை. படைப்பை நம்புவோர்க்கு ஆதியாகமத்தின் 30ஆம் வசனமும் மைமோனிடிஸின் வாதமும் இருக்கின்றன. நம்பாதோர்க்கு ஸ்பிரெங்கலும் டார்வினும் கண்டறிந்தவை இருக்கின்றன. இரு வழிகளும் சேரும் இடம் பங்கு என்னும் கருத்து.

பங்கு என்பதால் மகிழ்ச்சி குறைவதில்லை. தன்னை நோக்கி வராத மணத்தை ரசிப்பதில் எந்தத் தவறும் இல்லை. உரிமையாகக் கோரிப் பெறாதது என்பதாலேயே அதற்கு நன்றியுணர்வு பொருத்தமாகிறது. நம்பிக்கையாளர் அந்த நன்றியை இறைவனுக்குச் செலுத்துவார்; மற்றவர் அதைச் செடியிடமும் பூச்சியிடமும் கொள்ளும் நடத்தையில் காட்டுவார்.

அந்த நடத்தை எளியது. பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்காமல் இருப்பது முதற்கடமை. மணம் அழைத்த விருந்தாளியை நஞ்சால் எதிர்கொள்வது அறமாகாது. கிராம்பு கரண்ட்டின் கனிகள் ஒரே நாளில் பழுப்பதில்லை. வாரக்கணக்கில் அடுத்தடுத்துப் பழுக்கின்றன. எனவே வேண்டியதைப் பறித்துக்கொண்டு மேற்கிளைகளையும் கடைசிப் பழங்களையும் பறவைகளுக்கு விடுவது இயலும். விளைச்சலைக் காக்க வலை போர்த்துவதானால் செடி முழுவதையும் மூடாமல் ஒரு பகுதியைத் திறந்து விடலாம். பறவைகள் சிக்காத சிறு கண் வலையைப் பயன்படுத்த வேண்டும். தழைக்கும் பக்கக் கன்றுகளை எறிந்துவிடாமல் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். செடியை அகற்ற நேர்ந்தால் மேலே கண்ட மூன்று நிபந்தனைகளையும் எண்ணிப் பார்த்தே அகற்ற வேண்டும். இவற்றைக் கடைப்பிடிப்பவர் தமக்குரிய பங்கைக் குற்றவுணர்வின்றி, முழு மனதோடு உண்ணலாம்.